பாப்கார்ன் மாலை நமுத்துப் போகிறது, எறும்பும் வருகிறது. டிசம்பர் ஈரத்தில் என்ன செய்வது?

முத்தியால்பேட்டை_அம்மா, புதுச்சேரி
டிசம்பர் 8, இரவு 9.35

எல்லோருக்கும் வணக்கம். சம்பா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றுவதற்குள் என் பெண் ஆரம்பித்துவிட்டாள், ஸ்டார் எப்போது கட்டுவோம், குடில் எப்போது வைப்போம், இந்த வருஷமும் பாப்கார்ன் மாலை உண்டா என்று. போன வருஷம்தான் முதல் தடவையாகச் செய்து பார்த்தோம். ஏதோ வீடியோவில் அமெரிக்காவில் ஒரு குடும்பம் பாப்கார்னை ஊசியில் கோர்த்து மரத்தைச் சுற்றி விடுவதைப் பார்த்துவிட்டு அவளுக்கு அதே மாதிரி வேண்டும் என்று ஆசை, எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஜிகினாவைவிட எவ்வளவோ அழகு.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் உடனடி பாப்கார்ன் பாக்கெட்டை வாங்கிக் குக்கரில் பொரித்தோம். சூடு ஆறுவதற்கு முன்னாலேயே ஊசியும் நூலுமாக உட்கார்ந்தோம். பத்து கோர்த்தால் ஆறு உடைந்தது. ராத்திரி 12 மணி வரைக்கும் உட்கார்ந்து மூன்று அடிதான் வந்தது. மறுநாள் நூல் முழுக்க எண்ணெய் இறங்கி மஞ்சளாகிவிட்டது. இரண்டு நாள் விடாத மழை, மாலை நமுத்துப் போய் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் குடிலில் போட்டிருந்த வைக்கோலுக்குள்ளே எறும்புச் சாரை. எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டேன், குழந்தை அழுதுவிட்டாள்.

இந்தத் தடவை சரியாகச் செய்ய வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் இது நடக்கிற காரியம்தானா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்
டிசம்பர் 8, இரவு 10.10

அக்கா, பாதித் தப்பு அந்தப் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதிலே எண்ணெயும் உப்பும் மஞ்சள் நிறமும் சோளத்தோடு சேர்ந்தே வருகிறது. எண்ணெய் நூலில் இறங்கும், உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் எறும்புக்கு அழைப்புதான். மளிகைக் கடையில் பாப்கார்ன் சோளம் என்று தனியாக, வெறும் மணியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அடி கனமான வாணலியை நன்றாகச் சூடாக்கி எண்ணெய் இல்லாமலே ஒரு கைப்பிடி போட்டு மூடி, துணியால் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருங்கள். பத்திருபது மணி கருகும், அதை எடுத்துவிடலாம். ஒரேயடியாக நிறையப் போட வேண்டாம், ஆவி போக இடம் இல்லாமல் எல்லாம் சின்னச் சின்னதாக வரும். குக்கரில்தான் செய்வேன் என்றால் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு மூடியைச் சும்மா மேலே வையுங்கள், பூட்டவே கூடாது.

நமுத்துப் போவதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் உங்களுக்கே வழி தோன்றும். சோள மணிக்குள் சுமார் 14 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. 180 டிகிரி வாக்கில் சூடு ஏறும்போது அது ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. உள்ளே குழைந்து இருந்த மாவு அப்படியே நுரைத்துப் பூத்து, காற்றுப் பட்டதும் இறுகிவிடுகிறது. ஆகவே நாம் கோர்ப்பது ஒரு காய்ந்த நுரை. உடம்பு முழுக்க ஓட்டை. நம் டிசம்பர் காற்றில் வைத்தால் பஞ்சு மாதிரி குடிக்கும்.

பூக்கட்டும்_கை, நெல்லித்தோப்பு
டிசம்பர் 9, காலை 5.50

நான் 22 வருஷமாகப் பூக்கட்டுகிறேன். பாப்கார்ன் மாலையும் போன மூன்று வருஷமாகக் கட்டிக்கொடுக்கிறேன், இங்கே கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வீட்டில் கேட்பார்கள். அதனால் கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் ஒன்று சொல்வார்கள், பொரித்ததை ஒரு நாள், இரண்டு நாள் திறந்து வைத்துப் பழசாக்கிவிட்டுக் கோருங்கள் என்று. விஷயம் சரிதான், சுடச்சுட இருக்கும்போது முறுமுறுவென்று இருக்கும், ஊசி பட்டதும் நொறுங்கும், கொஞ்சம் ஈரம் ஏறினால்தான் ஊசிக்கு இடம் கொடுக்கும். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் ஊர்க் குளிருக்கும், ஹீட்டர் ஓடுகிற வறண்ட வீட்டுக்கும்தான். நமக்கு அது ஒரு மாலைப்பொழுது வேலை. மதியம் 2 மணிக்குப் பொரித்து ஒரு முறத்தில் பரப்பி வைத்தால் 5 மணிக்கெல்லாம் பதம் வந்துவிடும். மழை பெய்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போதும். விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள், நொறுங்காமல் அமுங்கி எழும்பினால் அதுதான் பதம். ராத்திரி முழுக்க விட்டால் கெட்டது, சவ்வாகிவிடும்.

அப்புறம் ஊசி. மாலை கோர்க்கிற பெரிய ஊசி வேண்டாம், பிளந்துவிடும். சட்டைக்குப் பட்டன் தைக்கிற ஊசி போதும். ஒரு சோளப்பொரியைத் திருப்பிப் பாருங்கள், நடுவிலே பழுப்பாக ஒரு தோல் இருக்கும், அதைச் சுற்றி வெள்ளை இதழ் விரிந்திருக்கும். தோலில் குத்தினால் ஊசி வழுக்கும், இதழ் நுனியில் குத்தினால் இற்று விழும். தோலுக்குப் பக்கத்திலேயே வெள்ளை தடித்திருக்கிற இடம் ஒன்று இருக்கும், அங்கே குத்துங்கள். பத்து கோர்த்தால் கைக்குத் தெரிந்துவிடும். கனகாம்பரமும் மல்லியும் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டலாமா என்று ஒருத்தர் கேட்டார், முடியாது, இறுக்கினால் பொடியாகும், கோர்க்கத்தான் வேண்டும்.

நூலை ஆறடிக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். ஒரு மெழுகுவத்தித் துண்டில் நூலை இரண்டு தடவை இழுத்துவிட்டால் சோளம் உடையாமல் நகரும். அடிக்கு ஒரு முடிச்சு கட்டாயம் போடுங்கள், நடுவில் அறுந்தாலும் எல்லாம் கொட்டாது.

சோறு_தெய்வம், வில்லியனூர்
டிசம்பர் 9, காலை 8.15

எனக்கு ஒரு வருத்தம், சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிடுகிற பொருளை அலங்காரம் என்று நாலு நாள் தொங்கவிட்டுக் குப்பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஆயா முறத்திலிருந்து ஒரு மணி அரிசி கீழே விழுந்தாலும் பொறுக்குவாள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, எங்கள் தெருவில் இரண்டு நாள் பக்கத்து வீட்டார் கொடுத்ததைத்தான் சாப்பிட்டோம். அதற்கு அப்புறம் இப்படி எதையாவது பார்த்தால் மனசு கேட்பதில்லை. காகிதத்தில் மாலை செய்யலாமே?

முத்தியால்பேட்டை_அம்மா
டிசம்பர் 9, மதியம் 1.05

அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கும் உறுத்தியது, போன வருஷம் குப்பையில் கொட்டும்போது கை வரவில்லை. அந்தப் புயலன்று எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். கெடாமல் வைத்து, பிறகு வேறு ஒரு வயிற்றுக்குப் போகிற மாதிரி செய்ய வழி இருந்தால் மட்டும்தான் செய்வேன் என்று இப்போது முடிவு பண்ணியிருக்கிறேன்.

நெல்லித்தோப்பு அக்கா, அந்த மூன்று மணி நேரக் கணக்குக்குக் கோடி நன்றி. இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

பழைய_ஏடு, லாஸ்பேட்டை
டிசம்பர் 9, மாலை 6.40

வில்லியனூர் நண்பருக்கு மரியாதையோடு ஒரு பதில். உணவை மாலையாக்குவது நமக்குப் புதிதில்லை. பஞ்சவடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறோம். அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை. ஏலக்காய் மாலை போடாத கல்யாண மேடை உண்டா? அந்த வடையைப் பிறகு பிரசாதமாகக் கொடுக்கிறார்கள், யாரும் அதை வீண் என்று சொல்வதில்லை. போட்ட பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சோளப்பொரி மாலையின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் மரத்தில் பாப்கார்னையும் கிரான்பெரி என்கிற சிவப்புப் பழத்தையும் மாற்றி மாற்றிக் கோர்த்துப் போடுவது அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். மரம் வைக்கிற பழக்கம் ஜெர்மானியர்களுடையது, அவர்கள் ஆப்பிளும் கொட்டைகளும் இனிப்பு ரொட்டியும் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் கைக்கு மலிவாகக் கிடைத்தது சோளம், அதைக் கோர்த்தார்கள். ஆனால் மாலை அதற்கும் முந்தியது. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் சோளப்பொரியை மாலையாகக் கோர்த்து நடனமாடும் பெண்களின் தலையில் சூட்டியதை, 16ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த பெர்னார்டினோ டி சஹாகூன் என்ற ஸ்பானியத் துறவி எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய மழைத் தெய்வமான ட்லாலோக்கின் சிலைக்கும் சோளப்பொரி அலங்காரம் உண்டு. மழைத் தெய்வத்துக்குச் சோளப்பொரி என்பதைப் படித்தபோது எனக்கு நம் கார்த்திகைப் பொரிதான் ஞாபகம் வந்தது, இங்கேயும் மழை கொட்டுகிற மாதத்தில்தான் பொரி படைக்கிறோம்.

பெருவின் கடற்கரையில் சுமார் 6,700 ஆண்டு பழமையான பொரித்த சோளத்தின் தடயம் கிடைத்திருக்கிறது. மனிதன் அதைப் பொரிக்கக் கற்றுக்கொண்டு அவ்வளவு காலம் ஆகிறது.

மணிமுத்தாறு, விருத்தாசலம் பக்கம்
டிசம்பர் 10, காலை 7.20

கார்த்திகைப் பொரி என்றதும் கேட்கிறேன், நெல்பொரியைக் கோர்க்க முடியுமா? அப்புறம் எங்கள் வயலில் மக்காச்சோளம்தான், மூட்டை மூட்டையாக இருக்கிறது. நேற்று ஒரு கைப்பிடி வாணலியில் போட்டேன், வெடிக்கவே இல்லை, கருகி இரண்டாகப் பிளந்ததோடு சரி.

கெடிலக்கரை
டிசம்பர் 10, காலை 9.00

உங்களுடையது கோழித்தீவனத்துக்குப் போகிற சோளம் அண்ணா, அது பொரியாது. அதற்குள்ளே மாவு மெத்தென்று இருக்கும், மேல்தோலும் ஆவியை அடைத்து வைக்கிற அளவு இறுக்கமாக இருக்காது, அழுத்தம் ஏறுவதற்குள் ஆவி கசிந்துவிடும். பொரிகிற சோளம் தனி ரகம், மணி சின்னதாக, கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும்.

நெல்பொரியைக் கோர்த்துப் பார்த்திருக்கிறேன், ஊசி நுழையும்போதே தூளாகிவிடும், மெல்லியது. அதைப் பாகில் உருண்டை பிடிக்கத்தான் முடியும்.

இன்னொன்று, கடையில் வாங்கிய பாப்கார்ன் சோளமும் சில சமயம் பாதிக்குப் பாதி பொரியாது. ரொம்ப நாள் கிடந்து காய்ந்திருக்கும். ஒரு பாட்டிலில் மூன்று டம்ளர் சோளத்துக்கு ஒரு பெரிய ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, இரண்டு மூன்று நாள் வைத்து அவ்வப்போது குலுக்கிவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும், பிறகு நன்றாகப் பொரியும்.

முத்தியால்பேட்டை_அம்மா
டிசம்பர் 10, இரவு 9.15

சிவப்புக்கு என்ன செய்வது? வெறும் வெள்ளையாக இருந்தால் சப்பென்று இருக்கிறது. கிரான்பெரிக்கு நான் எங்கே போவேன்? களாக்காய் இப்போது காய்க்காது. மாமியார் குன்றிமணி கோர்க்கலாம் என்கிறார், பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்கியது ஒரு டப்பா நிறைய இருக்கிறது, பார்க்கவும் அழகு.

மருந்துப்பெட்டி, அரியாங்குப்பம்
டிசம்பர் 10, இரவு 9.30

அக்கா, குன்றிமணி வேண்டவே வேண்டாம்! உடனே அந்த டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியாக முழுசாக இருக்கிறவரை அது உள்ளேயே கிடக்கும், ஆனால் ஊசியால் துளை போட்டால் அந்தத் தோல்தானே உடைகிறது. துளைபோட்ட குன்றிமணியை, சாப்பிடுகிற பொருள் என்று குழந்தைக்குத் தெரிந்த பாப்கார்னோடு சேர்த்துக் கையெட்டும் உயரத்தில் தொங்கவிடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பறவைக்குப் போட்டாலும் கேடு.

வீட்டில் நாலு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் பாப்கார்ன் மாலையையும் உயரமாகவே கட்டுங்கள். அந்த வயசில் அதைச் சரியாக மெல்லத் தெரியாது, தொண்டையிலோ மூச்சுக்குழாயிலோ சிக்கிவிடும். பொரியாமல் கிடக்கிற மணியையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், பார்த்ததால் சொல்கிறேன்.

பூக்கட்டும்_கை
டிசம்பர் 11, காலை 5.40

வாடாமல்லி இருக்கிறதே! பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வரிசையில் எந்நேரமும் கிடைக்கும். பேருக்கேற்ற மாதிரி வாடாது, காய்ந்தாலும் நிறம் அப்படியே நிற்கும், உருண்டையாக இருப்பதால் கிரான்பெரி வைத்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். நான் கட்டுகிற கணக்கு ஐந்து சோளத்துக்கு ஒரு வாடாமல்லி. ஆனால் பூவை வாங்கினதும் கோர்த்துவிடாதீர்கள், பச்சையாக இருந்தால் அந்த ஈரம் பக்கத்தில் இருக்கிற சோளத்துக்கு ஏறிப் பூஞ்சை பிடிக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு நாலைந்து நாள் நிழலில் காய விடுங்கள். இப்போதே வாங்கினால் சரியாக இருக்கும்.

மிளகாய் வற்றலும் சிலர் கோர்ப்பார்கள், நிறம் நன்றாகத்தான் இருக்கும், குழந்தைகள் கோர்க்கிற வீட்டில் வேண்டாம், கையைக் கண்ணில் வைத்துவிடுவார்கள்.

துறைமுகத்தான், கடலூர் முதுநகர்
டிசம்பர் 11, காலை 10.20

நூலுக்குப் பதிலாகத் தங்கூசி நரம்பு, அதுதான் மீன் தூண்டிலுக்குப் போடுகிற நைலான் நரம்பு, போட்டால் என்ன? எங்கள் வீட்டில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. அறுகாது, கண்ணுக்கும் தெரியாது.

சவுக்குத்தோப்பு, தேவனாம்பட்டினம்
டிசம்பர் 11, காலை 11.45

தம்பி, வீட்டுக்குள்ளே மட்டும் என்றால் போடலாம், ஆனால் வழுக்கும், சோளம் எல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். வெளியே பறவைக்கு வைப்பதாக இருந்தால் அறவே கூடாது. காக்கையின் காலில் தங்கூசி சுற்றிக்கொண்டு இறுகி விரலே போனதைப் பார்த்திருக்கிறேன். பூ கட்டுகிற பருத்தி நூல்தான் நல்லது. அதையும் மாலையாகவே வெளியே விடாமல், உருவித் தட்டில் கொட்டி வையுங்கள்.

மரத்துக்கு யாரும் பிளாஸ்டிக் வாங்க வேண்டாம் என்பேன். எங்கள் பக்கம் சின்ன வயசிலிருந்தே சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். தோப்பில் சவுக்கு வெட்டுகிற நாளில் நுனிக்கிளையைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வாளியில் ஈர மணலைப் போட்டு நட்டால் ஒரு வாரத்துக்குப் பச்சையாக நிற்கும். அந்தக் கிளை மெலிசு, கண்ணாடி உருண்டை எல்லாம் தொங்கவிட்டால் குனிந்துவிடும், பாப்கார்ன் மாலைக்குக் கனமே கிடையாது, அதுவும் இதுவும் பொருத்தம். சீரியல் செட் சுற்றுவதாக இருந்தால் எல்இடி போடுங்கள், பழைய குண்டு பல்பு சுடும். மெழுகுவத்தி பக்கத்திலேயே வேண்டாம், காய்ந்த சோளம் சரசரவென்று பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. 25 ராத்திரி எல்லா அலங்காரத்தையும் இறக்கிவிடுவோம். 2004க்கு அப்புறம் வந்த பழக்கம். 26 காலையில் ஊரே கரைக்குப் போய்க் கடலில் பாலும் பூவும் விடுவோம், அந்த நேரத்தில் வீட்டு வாசலில் தோரணமும் விளக்கும் ஆடிக்கொண்டிருக்க எங்களுக்கு மனசு வராது. அதனால் எங்கள் மாலைக்கு இரண்டே நாள்தான் ஆயுசு, 24 காலையில் ஏறும், 25 ராத்திரி இறங்கும். கடலுக்குப் போய்விட்டு வந்து அந்தச் சோளத்தைக் கொல்லையில் காக்கைக்கு வைப்போம், அண்ணன் பேரைச் சொல்லி. இரண்டு நாளில் நமுக்கவும் செய்யாது, எறும்பும் வராது. அக்கா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான், நாள் கணக்காக வைக்கப் பார்க்காதீர்கள், பூமாலையை நாம் ஒரு வாரம் வைக்கிறோமா?

சோறு_தெய்வம்
டிசம்பர் 11, மதியம் 2.30

தேவனாம்பட்டினம் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இப்படி என்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நான் முதலில் எழுதினதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நியூ_கலர்ஸ், மஞ்சக்குப்பம்
டிசம்பர் 12, இரவு 8.00

நான் போன வருஷம் மாலை மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்தேன், பத்து நாள் அசையவில்லை, எறும்பும் தொடவில்லை. நாள் கணக்காக வேண்டும் என்பவர்களுக்கு அது ஒரு வழி.

மருந்துப்பெட்டி
டிசம்பர் 12, இரவு 8.25

ஸ்ப்ரே அடித்தால் எறும்பு தொடாதுதான், ஆனால் அதை அப்புறம் எந்த உயிருக்கும் போட முடியாது. குழந்தை ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாலும் கஷ்டம். எறும்புக்காக என்றால் மாலையைச் சுவரில் படாமல் கொக்கியில் தொங்கவிட்டு, கொக்கியைக் கட்டுகிற கயிற்றில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவுங்கள், மரம் நிற்கிற வாளியை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வையுங்கள், நாம் அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக் காலுக்குக் கீழே கிண்ணம் வைத்த மாதிரி.

முத்தியால்பேட்டை_அம்மா
டிசம்பர் 14, இரவு 10.50

இன்றைக்கு ஒரு ஒத்திகை பார்த்தோம். 50 கிராம் மட்டும். மதியம் பொரித்து முறத்தில் பரப்பி வைத்தேன். காலையிலிருந்து தூறல். ஒன்றரை மணி நேரத்திலேயே அமுக்கினால் அமுங்கியது, நெல்லித்தோப்பு அக்கா சொன்ன அதே பதம். கோர்த்ததில் பத்துக்கு இரண்டுதான் உடைந்தது! மெழுகு தடவியதில் நூல் வழுவழுவென்று போனது. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து அடி.

ஆனால் ராத்திரி பார்த்தால் நன்றாக நமுத்துவிட்டது. பதம் வந்தால்தான் கோர்க்க முடிகிறது, கோர்த்த பிறகு பதம் போக வேண்டும். இதற்கு என்ன வழி? ஃபேனுக்குக் கீழே போட்டேன், பிரயோஜனம் இல்லை.

பூக்கட்டும்_கை
டிசம்பர் 15, காலை 5.45

ஃபேன் அந்த ஈரக் காற்றைத்தானே சுற்றிச் சுற்றி வீசும் பாப்பா. நமுத்த பொரியை வாணலியில் போட்டு வறுப்போம் இல்லையா, அதேதான். வாணலியை அல்லது பெரிய தோசைக்கல்லைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, மேலே ஒரு துணி விரித்து, மாலையைச் சுருளாக வைத்து மூடாமல் கால் மணி நேரம் விடுங்கள், நடுவில் ஒரு தடவை திருப்பிவிடுங்கள். அடுப்பு எரியும்போது வைக்காதீர்கள். ஓவன் அடுப்பு இருக்கிற வீட்டில் 100 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிஷம். மெழுகு நிறையத் தடவியிருந்தால் உருகி இறங்கும், அதனால்தான் லேசாகத் தடவச் சொன்னேன். ஆறினதும் மறுபடி முறுமுறுவென்று ஆகிவிடும், இப்போது நூலில் இருப்பதால் உடைந்தாலும் பரவாயில்லை. உடனே பொரி போட்டு வைக்கிற டின்னில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள், 24 காலையில் எடுத்துக் கட்டினால் போதும்.

மணிமுத்தாறு
டிசம்பர் 18, மாலை 4.10

பாப்கார்ன் சோளம் வாங்கி வந்துவிட்டேன். பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக ஏழு பேர் திண்ணையில் உட்கார்ந்து கோர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை, பொங்கலுக்கு மாட்டுக்கு நெட்டி மாலை போடுகிற வீடு, ஆனாலும் எல்லோரும் கூடி உட்கார்ந்து கோர்ப்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கும் ஒன்று செய்து பார்க்கப் போகிறேன். மாடு தின்றுவிடும் என்கிறாள் மனைவி, தின்னட்டுமே. நூலை மட்டும் நான் பிடித்துக்கொள்வேன்.

முத்தியால்பேட்டை_அம்மா
டிசம்பர் 26, காலை 10.30

எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று உட்கார்ந்திருக்கிறேன். 21ஆம் தேதி 200 கிராம் பொரித்தோம். என் பெண், மாமியார், நான், மாடி வீட்டு அக்கா, அவருடைய இரண்டு பையன்கள். பாதியைச் சாப்பிட்டார்கள், கொஞ்சம் உடைந்தது, மிச்சத்தில் 22 அடி வந்தது, ஐந்துக்கு ஒன்று வாடாமல்லி. மாமியார் கோர்க்கும்போது அவர் சின்ன வயசில் மாதா தேருக்குப் பூ கட்டிய கதை எல்லாம் வந்தது, கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் கேட்காத கதைகள். தோசைக்கல்லில் உலர்த்தி டின்னில் போட்டோம். 24 காலையில் சவுக்குக் கிளையில் சுற்றினோம். நள்ளிரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து விளக்கைப் போட்டபோது என் பெண் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்று மாலை லேசாக நமுக்க ஆரம்பித்தது, எறும்பு இல்லை. தேவனாம்பட்டினம் அண்ணா எழுதியதை அவளிடம் சொல்லியிருந்தேன். ராத்திரி அவளாகவே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள். காலையில் பூவைத் தனியாகவும் சோளத்தைத் தனியாகவும் உருவி, நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, மொட்டை மாடியில் தட்டில் வைத்தோம். முதலில் அணில்தான் வந்தது, இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கடித்தது. பிறகு காக்கைகள். அண்ணா, உங்கள் அண்ணன் பேர் எங்களுக்குத் தெரியாது, தேவனாம்பட்டினத்து மாமா என்று சொல்லி ஒரு கைப்பிடியை அவள் தனியாக வைத்தாள்.

சவுக்குத்தோப்பு
டிசம்பர் 26, மதியம் 12.15

இப்போதுதான் கரையிலிருந்து வந்தேன் அக்கா. பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம்.